நாலு வருஷத்து மொட்டு

லவோன் ஹாக்லண்ட் ஒரு லில்லியின் மகரந்தத்தை இன்னொரு லில்லியின் சூல்முடியில் தடவிவிட்டு, வண்டு வந்து காரியத்தைக் கெடுக்காமலிருக்க அதற்கு அலுமினியத் தாளில் குல்லாய் மாட்டிக்கொண்டிருந்தார். காலை ஆறு மணி. ஏரியிலிருந்து ஏறிவந்த மூடுபனியில் அமெரிக்காவின் டுலூத் நகரமே கரைந்து கிடக்க, அவர் தோட்டத்தில் மட்டும் இருபது முப்பது வெள்ளிக் குல்லாய்கள் மினுங்கின. "ஆடாம நில்லு கண்ணு, இதோ முடிஞ்சிடுச்சு" என்று பூவிடம் சொன்னார்.

அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். கோடை விடுமுறை முழுக்க லில்லிதான். பூக்களையும் பேருந்துப் பிள்ளைகளைப் போலவே அதட்டுவார். உயரமாக வளர்ந்து மற்றதை மறைக்கும் செடிக்கு, "பனி விழறதுக்குள்ள உன்னைப் பின்சீட்டுக்கு அனுப்பறேன் பாரு" என்று மிரட்டல். மான் வாய் வைக்காமலிருக்க வேலி நெடுகச் சோப்புக் கட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதால், தெருவுக்கே குளியலறை வாசனை. விதை போட்டால் முதல் பூவுக்கு நாலு வருடம்கூட ஆகும். எப்படித்தான் பொறுக்கிறீர்கள் என்று கேட்டால், "அவசரமா இருந்தா முள்ளங்கி போடு" என்பார்.

இந்த ஜூலையில் அப்படியொரு கன்று முதல் மொட்டு விட்டிருந்தது. தாய் வெள்ளை, தகப்பன் கருஞ்சிவப்பு. பிள்ளை என்ன நிறமென்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. லவோன் அதன் முன்னால் உட்கார்ந்தால் கையிலிருக்கும் காபி ஆறிப்போகும். ஒரு நாள் அவர் கற்பனையில் அது பனிக்குப் பின்னால் விளக்கெரியும் நிறம். மறுநாள் நீர்விட்ட திராட்சைச் சாறு. கனவில்கூடப் பூத்ததாம், நிறத்தைப் பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டதாம்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுத் தோய்வோவின் பூனை புல்லா வேலி தாண்டி வந்து, பூத்த செடிகளின் அடியில் தூங்கி, முதுகெல்லாம் மகரந்தத்தோடு எழுந்தது. லில்லி பூனைக்கு விஷம். தூளை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். லவோன் அதை ஈரத்துண்டில் சுருட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் பறந்தார். மூன்று நாள் மருந்து ஏற்றிய பிறகு பிழைத்தது.

தோய்வோவுக்கு எண்பத்தொன்று. போன குளிர்காலத்தில் மனைவி இறந்தபின், பூனைக்குத் தீனி வைக்க வேண்டுமே என்றுதான் படுக்கையை விட்டு எழுகிறார். இனி வெளியே விடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். இரண்டே நாளில் கதவைச் சாத்த மறந்தும் போனார். அவரைக் கோபித்துக்கொள்ள லவோனுக்கு மனம் வரவில்லை.

லில்லி சங்கத்துத் தோழி ஆர்டிஸைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் உன் தோட்டத்துக்குக் கொண்டுபோ என்றார். பூக்கிற நேரத்தில் தோண்டுவது பைத்தியக்காரத்தனம், செப்டம்பர் வரை பொறு என்று ஆர்டிஸ் மன்றாடிப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

மதியத்துக்குள் பாத்தி காலி. குல்லாய் போட்டவையும் போயின. உதிர்ந்த இதழ்களைக்கூடப் பொறுக்கியாயிற்று. மொட்டு வைத்த கன்று மட்டும் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் தோய்வோ, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.

"ஏம்மா, அது ஒண்ணையாவது விட்டு வையேன். நான் பாத்துக்கறேன்."

"புல்லா சாகறதுக்கு அந்த ஒண்ணே போதும், பெரியவரே."

லவோன் மண்வெட்டியை இறக்கினார். பெயர்த்து நடும் கிழங்கு பூவையும் சேர்த்துச் சுமக்காது. மொட்டைக் கிள்ளியாக வேண்டும். கிள்ளினார். பிரித்துப் பார்த்தால் நிறமாவது தெரியுமே என்றார் ஆர்டிஸ். லவோன் பிரிக்கவில்லை. கிழங்கைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, மொட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடியை அழுத்தினார்.

வண்டி போனதும் உடை மாற்றிக்கொண்டு, குழாயடியில் முழங்கைவரை, நகக்கண் விடாமல் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு வெறும் மண்ணில் உட்கார்ந்து, அதில் புரண்டுகொண்டிருந்த புல்லாவை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.