அம்புக்குறி பின்னோக்கி நின்ற ஞாயிறு

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்து, அண்ணாவின் காரைக் கழுவ உதவிக்கொண்டிருந்தபோதுதான் பின்சில்லில் அந்த அம்புக்குறியைக் கண்டேன். டயரின் பக்கச் சுவரில், சேற்றைத் துடைத்த இடத்தில், விரல் நீளத்துக்குப் பொறித்திருந்தது. சில்லின் மேற்பகுதியில் நின்ற அந்தக் குறி காரின் முகப்பை நோக்கியிருக்க வேண்டும். அது பின்பக்கத்தை நோக்கியிருந்தது.

மறுபுறம் போய்ப் பார்த்தேன். அங்கும் அப்படியே. பழந்துணியைக் கையில் வைத்துக்கொண்டே காரை இரண்டு முறை சுற்றிவந்தேன்.

"என்னடி, பெருநாள் சுற்றுப்பிரகாரமோ?" என்றார் அண்ணா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கு அந்தக் காரில் ராத்தா யாழ்ப்பாணம் போக இருந்தார். எங்கள் தெருவில் தையல் இயந்திரம் ஒன்றை வைத்துப் பிழைக்கும் முஸ்லிம் பெண் அவர். மார்பில் வந்த புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கொரு தடவை அங்கே மருந்து ஏற்றுகிறார்கள். காலை ஒன்பதுக்கு முன் பதிவு செய்யாவிட்டால் அன்றைய முறை கிடைப்பது நிச்சயமில்லை. மாரிகாலம், வெள்ளாங்குளத்துக்கு அப்பால் வீதியில் தண்ணீர் நிற்பதாக முதல் நாள் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அண்ணாவுக்கு வாடகைக்கு ஓடுவதே தொழில். வேகத்துக்கென்று செய்யப்பட்ட, நிலத்தோடு தாழ்ந்த அந்த யப்பான் காரை யாரும் விரும்பாத நேரத்தில் கொழும்பில் வாங்கினார். அதன் அகன்ற டயர்கள் மன்னாரில் இல்லை. இறக்குமதி இறுகியிருந்த நாட்களில் பழைய டயர்கள் நான்கைத் தேடிப்பிடித்தார். அவை இரண்டு இனமாக அமைந்தன. முன்னால் பூட்டிய சோடியில் வரிப்பள்ளங்கள் அம்பின் தலைபோலக் குவிந்திருந்தன. அது ஒரு திசையில் சுழன்றால் மட்டுமே மழைநீரை இரு பக்கமும் தள்ளும். எதிர்த்திசையில் சுழன்றால் நீரைத் தன் அடிக்கே சேர்க்கும். பின்னால் பூட்டிய சோடிக்குத் திசை இல்லை, பக்கம் உண்டு. எந்தப் பக்கம் வெளியே நிற்க வேண்டுமென்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். முதற்சோடியைக் கழற்றித் திருப்பாமல் இடம்வலமாக மாற்றக் கூடாது. இரண்டாவதை எந்தச் சில்லுக்கும் மாற்றலாம். உள்ளும் வெளியும் மட்டும் மாறக் கூடாது.

இதையெல்லாம் நான் அந்த ஞாயிறன்றுதான் கைபேசியில் படித்து அறிந்தேன். மூன்று மாதங்களுக்கு முன்னர் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில், இந்த அளவு டயர் இனிக் கிடைப்பது அரிது, தேய்வைச் சமன்செய்ய இடம் மாற்றிப் பூட்டுங்கள் என்று அண்ணாவை நச்சரித்தவள் நானே. வற்புறுத்தியதோடு என் பொறுப்பு முடிந்துவிட்டது என்று எண்ணி டயர்க் கடைப்பக்கம் போகாமல் இருந்தவளும் நானே.

எங்கள் பக்கத்தில் இடம் மாற்றுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒடுங்கிய வீதியில் எதிரே பேருந்து வந்தால் இடப்பக்கச் சில்லுகளை மண்ணில் இறக்கித்தான் வழிவிட வேண்டும். கல்லில் உரசி அந்த டயர்களின் வெளிச்சுவர் காயப்படும். ஆகவே குறுக்காக மாற்றுவார்கள். காயம்பட்ட டயரை வளையத்திலிருந்து கழற்றித் திருப்பி, காயத்தை உள்ளே மறைத்துப் பூட்டுவார்கள். கலியாண ஓட்டத்துக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது டயரைத்தானே. சாதாரண டயருக்கு இதனால் கேடில்லை. அண்ணாவின் காரிலோ முன்னிருந்த இரண்டும் காயம்படாததால் திருப்பப்படாமல் குறுக்காகப் பின்னே போய் எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருந்தன. இடது பின்பக்கத்திலிருந்து திருப்பிப் பூட்டிய வலது முன்சில்லில் "உட்பக்கம்" என்ற ஆங்கிலச் சொல் வெளியே நின்றது.

"வேற கடைக்குக் கொண்டுபோவம். பசாரில ஞாயிறும் திறந்திருக்கும்," என்றேன்.

"மாத்தினவன் என்ர பிள்ளையின்ர ஞானஸ்நானத்தில ஞானத்தகப்பனா நிண்டவன். வேற கடையில கார் நிக்கிறதைக் கண்டா பிறகு எங்கட வீட்டுப் படலை மிதிப்பானோ? அவனிட்டயே போவம்," என்றார் அண்ணா.

தாழ்வுபாட்டு வீதியில் கடையும் அதன் பின்னால் வீடுமாக இருந்த டயர்க் கடைக்காரர் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பட்டதாரி ரயர் பாக்க வந்திருக்கிறா! அரசாங்கம் வேலை தராட்டி நான் தாறன் தங்கச்சி, நாளைக்கே வாங்கோ," என்றார். "இத்தனை வருசமா மாத்திறன். ஒரு ரயரும் எழுந்து நிண்டு பிழையெண்டு சொல்லேல்ல."

"நாளைக்கு ராத்தா இதில போறா."

"எந்த ராத்தா?"

"எங்கட தெருத் தையல் ராத்தா. மருந்தேத்தப் போறா."

அவர் கை சோற்றுக் கோப்பையில் நின்றது. "என்ர மகள் பூசையில முதல் நன்மை வாங்கேக்க சட்டை தைச்சவவோ? அவவுக்கோ வருத்தம்?"

"ஓம்."

அவர் கையைக் கழுவிவிட்டுக் கடைத் திறப்பை எடுத்துவந்து கதவைத் திறந்தார்.

அம்புக்குறி உள்ள சோடி அரை மணி நேரத்தில் சரியாயிற்று. பின்னர் வலது முன்சில்லைக் கழற்றி நிலத்தில் உருட்டிவந்தார். இதுவரை உள்ளே மறைந்திருந்த சுவர் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பழைய காயத்தின் ஓரத்தில் தேசிக்காயளவுக்கு ஒரு வீக்கம். பெருவிரலால் அதை அமுக்கிப் பார்த்தார்.

"உள்நூல் அறுந்துபோச்சு. இதில இனி ஓடேலாது."

"மாத்தேக்க இது இருந்ததோ?" என்றேன்.

"கீறல்தான் இருந்தது," என்றார், என்னைப் பாராமல். அது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று நான் கடைக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

காரில் இருந்த மேலதிக டயரோ அடுத்த ஊர்வரை தாங்கும் ஒல்லி டயர். கடைக்காரர் வவுனியாக் கடைகளுக்குத் தொலைபேசி எடுத்தார். ஒருவரும் பதில் தரவில்லை. அண்ணா தனக்குத் தெரிந்த இரண்டு வான்காரரைக் கேட்டார்; இருவருக்கும் ஓட்டம் இருந்தது.

"வீங்கினதைப் பின்னுக்குப் போட்டு மெல்ல ஓடுறன். அவவுக்குச் சொல்லாத, பயந்துபோவா," என்றார் அண்ணா.

"பயப்படுறதோ இல்லையோ, அது அவவின்ர விசயம்."

"நாளைக்கு மருந்து தவறினா நீ பொறுப்போ?"

டயர் வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். மருந்து தவறுவதும் அப்படியே. இரண்டில் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தெரிவுசெய்ய எங்கள் இருவருக்கும் உரிமை இல்லை என்பது மட்டும் தெளிவாக இருந்தது. மழை தூறத் தொடங்கியிருந்தது. குடை இல்லாமலே ராத்தா வீட்டுக்கு நடந்தேன்.

அவர் பையை அடுக்கி வைத்துவிட்டு ஒரு பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் விடாமல் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டார்.

"அப்ப பஸ்தான்," என்றார். "முதல் பஸ் எத்தினை மணிக்கு?"

"அஞ்சுக்கு. நானும் வாறன் ராத்தா."

"வராம? இவ்வளவு கதை சொல்லிப்போட்டு வீட்டில இருந்து சோறு தின்னலாமெண்டு நினைச்சீங்களோ?"

பேருந்தில் யன்னலோர இருக்கை கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு குழியிலும் அவர் பல்லைக் கடித்து முன்கம்பியைப் பிடித்தார். வெள்ளாங்குளத்துக்கு அப்பால் தண்ணீரில் ஒரு லொறி நின்றுவிட, முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தோம். நான் எழுவதும், வாசலில் நின்று எட்டிப்பார்ப்பதும், வந்து இருப்பதுமாக இருந்தேன்.

"தங்கச்சி, அந்த டயர் வெடிச்சிருக்குமோ?" என்று திடீரெனக் கேட்டார்.

"தெரியாது ராத்தா."

"தெரியாத ஒண்டுக்காக என்ர முதுகு முறியுது," என்றார். கோபமும் சிரிப்பும் ஒரே அளவில் இருந்தன. "கார்க் கதவில சாய்ஞ்சு நித்திரையாப் போயிருப்பன்."

அவர் சொன்னது நியாயம். நடக்காத விபத்தை யாரும் காண முடியாது. அவருடைய நோவை நான் பக்கத்திலிருந்து கண்டுகொண்டிருந்தேன். காரில் போயிருந்தாலும் இதே தண்ணீரில்தான் போயிருப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது எனக்கு ஆறுதல், அவருக்கு அல்ல. சொல்லாமல் விட்டேன்.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது பத்தேகால். பதிவுக் கொப்பியை மூடிவைத்திருந்த தாதி, பேருந்தையும் மழையையும் பற்றி நான் அடுக்கியதைக் கேட்டுவிட்டு, "கடைசியில நேரம் இருந்தா பாப்பம். இல்லாட்டி வியாழக்கிழமை," என்றார்.

பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. காத்திருப்பு வாங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நான் தாதியின் மேசைக்கு நான்காம் தடவை போய்த் திரும்பியபோது ராத்தா என் கையைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

"நீங்க நடக்கிறதைப் பாக்க எனக்குத்தான் தலை சுத்துது. வியாழக்கிழமை எண்டா வியாழக்கிழமை. அண்டைக்கும் நீங்கதான் வரோணும், விடமாட்டன்."

இரண்டு மணிக்குச் சற்று முன்னர் மருந்தேற்ற ராத்தாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.