ரிப்பன் கட்டிய லிஃப்ட்

"பக்கவாதம் வந்தது சுவருக்கா, மனுஷங்களுக்கா? எவன் வந்தாலும் பெயின்ட் டப்பாவோடதான் வர்றான்."

அத்தை வேலை முடிந்து வந்தால் அவருக்கு முன்னால் இந்த வாக்கியம்தான் வீட்டுக்குள் நுழையும். வேன் சாவியை ஆணியில் மாட்டும்போது ஒருமுறை, வாய் கொப்பளிக்கும்போது பாதி தண்ணீரோடு ஒருமுறை, மாமா டிவி சத்தத்தைக் கூட்டினால் அதற்கும் மேலே ஒருமுறை. 'டப்பா' என்கிற சொல்லை மட்டும் உதட்டைக் குவித்து வெடித்தால் அத்தையின் குரல் அச்சாக வந்துவிடும். ஒருநாள் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் அப்படிச் சொன்னேன். "வந்துட்டியா, டீ இருக்கு, சூடு பண்ணிக்க" என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமல்.

அத்தை என் அப்பாவின் அக்கா. முதலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். கத்துகிற பிள்ளைகளைத் தன் கத்தலால் அடக்கியே தொண்டை அகலமாகிவிட்டது என்பார் மாமா. பிறகு, பக்கவாதம் வந்தவர்களுக்கான பகல் மையத்தில் வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். காலையில் வீடு வீடாகப் போய் அவர்களைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி வர வேண்டும். மையத்தில் ஒரு பெண் கை கால் பயிற்சி சொல்லித் தருவார். மதியம் சாப்பாடு, கொஞ்சம் சீட்டாட்டம், நிறையப் பேச்சு. சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். மையத்தை நடத்துவது ஓர் அறக்கட்டளை. அறக்கட்டளை என்றால் வேறு ஊரில் இருக்கும் இரண்டு வயசாளிகளும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும். அதனால் ஓட்டுநராகப் போன அத்தை, கொஞ்ச நாளில் கணக்கு, சமையல் சாமான், குழாய் ரிப்பேர், வருகிற விருந்தாளிகளுக்கு நன்றி சொல்வது என்று எல்லாமும் ஆகிவிட்டார்.

பிரச்சினை வேனில் இருந்தது. வேனின் பின்பக்கம், நாற்காலியை ஆளோடு அப்படியே மேலே தூக்கும் லிஃப்ட் ஒன்று இருந்தது. அது ஒருநாள் பாதி உயரத்தில் நின்றது; பிறகு அசையவே இல்லை. மெக்கானிக் அதற்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, "அக்கா, இது முடிஞ்சுபோச்சு. வேற வாங்கிக்குங்க" என்றார். புதுசு வாங்க மையத்துக்கு வக்கில்லை. அன்றிலிருந்து ஒரு பலகைதான். பலகையை வேனில் சாய்த்து, நாற்காலியைப் பின்னாலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளி ஏற்ற வேண்டும்.

எல்லாரையும்விடக் கனமானவர் கணக்கு வாத்தியார். பக்கவாதம் அவருடைய இடது பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு நாக்கை மட்டும் விட்டுவிட்டது. கொஞ்சம் மெதுவாகப் பேசுவார், அவ்வளவுதான். பலகையில் ஏறும்போது பாடம் நடத்துவார்.

"சாய்வு... ஜாஸ்திம்மா. பலகை... நீளமா இருக்கணும்."

"நீளமா போட்டா உங்க வீட்டு வாசல்ல ஆரம்பிச்சு எதிர் வீட்டு அடுப்படிலதான் போய் முடியும். பேசாம ஏறுங்க சார்."

"நானா ஏறறேன்? நீதான... ஏத்தற."

அத்தையின் வலது தோள் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தள்ளறத இத்தோட நிறுத்துங்க. இல்லன்னா ஸ்டியரிங்கே பிடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அத்தை வேன் ஓட்டவில்லை என்றால் மையம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. வாத்தியாரும் மற்றவர்களும் வீட்டில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். லிஃப்ட் ஒன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும். இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் அத்தை அவர்களிடம் சொல்ல மாட்டார்.

அத்தைக்கு இரண்டு குரல். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று நன்கொடை கொடுக்க வருகிறவர்களுக்கு. இரண்டாவது குரல் மூக்கிலிருந்து புறப்பட்டு, தேனில் விழுந்து எழுந்து வரும். ஏதாவது கம்பெனியிலிருந்து போன் வந்தால் போதும், காய்கறிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே வாய், ஒரு நொடியில் மாறும்.

"வணக்கம்ங்க சார்... ஆமாங்க சார்... எங்களுக்கு என்ன வேணும்னு நாங்க என்னங்க சார் சொல்றது, உங்க மனசுக்கு என்ன தோணுதோ செய்ங்க சார்... ரொம்ப சந்தோஷம்ங்க சார்."

போனை வைத்ததும் மாமா கேட்பார். "லிஃப்ட் வேணும்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்துபோயிடுமா?"

"கொடுக்க வர்றவங்ககிட்ட இதக் கொடு அதக் கொடுன்னு எப்படிங்க கேக்கறது? கூச்சமா இருக்காதா?"

"என்கிட்ட மட்டும் கேக்கத் தெரியுது."

"நீங்க எங்க கொடுக்கறீங்க?"

அவர்கள் மனசுக்குத் தோன்றியது எப்போதும் பெயின்ட்தான். முதல் கம்பெனி மையத்தின் சுவருக்கு நீலம் அடித்தது, ஏனென்றால் கம்பெனியின் நிறம் நீலம். அடுத்து வந்தவர்கள் அதன்மேல் மஞ்சள் அடித்தார்கள். கும்பலாக ஒரே மாதிரி டி-ஷர்ட்டில் வருவார்கள், தரையில் பாதி சுவரில் பாதி அடிப்பார்கள், தூரிகையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். மறுநாள் அத்தை மண்டியிட்டுத் தரையைச் சுரண்டுவார். மூன்றாவதாக வந்தவர்கள், இது குழந்தைகள் காப்பகம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் போல. பயிற்சி அறையில் கண்ணடிக்கிற ஒட்டகச்சிவிங்கி ஒன்றை வரைந்துவிட்டுப் போனார்கள்.

"வாழ்நாள் பூரா... பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தேன்" என்றார் வாத்தியார், வராத கையைத் தூக்க முயன்றுகொண்டே. "இப்ப ஒரு ஒட்டகச்சிவிங்கி... எனக்கு கைதூக்கச் சொல்லிக் கொடுக்குது."

இந்த வருடம் வந்த கம்பெனி பெரியது. அவர்களுடைய சமூக சேவைப் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண் வந்தார். எதைச் சொன்னாலும் "சூப்பர்" என்பார். "இவருக்கு ரெண்டாவது தடவ வந்துடுச்சுங்க" என்று அத்தை ஒருவரைக் காட்டியபோதும் பழக்கதோஷத்தில் "சூப்பர்" என்றுவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் சூப்பர் மேடம்.

சூப்பர் மேடத்தின் திட்டம் ஒரு நிதி ஓட்டம். மைதானத்தில் கம்பெனி ஆட்கள் டி-ஷர்ட் போட்டு ஓடுவார்கள், ஊர்க்காரர்கள் பணம் கட்டிச் சேர்ந்து ஓடுவார்கள், வசூல் மையத்துக்கு. கம்பெனி முதலாளியே வருகிறார். ஒரே ஒரு விஷயம்: மையத்துக்காரர்கள் நாற்காலியோடு முன்வரிசையில் இருக்க வேண்டும்.

"இவங்கள எப்படிக் கூட்டிட்டு வருவீங்கம்மா?"

அத்தை பலகையைக் காட்டினார். சூப்பர் மேடத்துக்கு அன்றைக்கு முதல்முறையாக 'சூப்பர்' வரவில்லை.

"இல்லம்மா, இதெல்லாம் கூடாது. எங்க நிகழ்ச்சில யாரையும் இப்படித் தள்ளி ஏத்தக் கூடாது. பாதுகாப்பு விதி இருக்கு."

"தினமும் இப்படித்தானங்க ஏத்தறோம்."

"அது உங்க நிகழ்ச்சி. இது எங்க நிகழ்ச்சி."

அத்தை தேன் குரலில் "சரிங்க மேடம்" என்றார். அன்று வீட்டில் பெயின்ட் டப்பா வாக்கியத்தை விட்டுவிட்டு, "அது நம்ம நிகழ்ச்சியாம், இது அவங்க நிகழ்ச்சியாம்" என்று சாப்பாட்டுத் தட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓட்டத்தன்று கம்பெனி ஒரு வேனை வாடகைக்கு எடுத்து அனுப்பியது. லிஃப்ட் வைத்த வேன். பட்டனை அழுத்தினால் தட்டு இறங்கி வந்து தரையில் படுக்கிறது. நாற்காலி ஏறினால் முனகாமல் மேலே போகிறது. வாத்தியார் மேலே போனதும், "இன்னொரு தடவ" என்றார். இறக்கி மறுபடி ஏற்றினார்கள். அத்தை பக்கத்தில் நின்று கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். மைதானம் வரும்வரை வாய் திறக்கவே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன்.

ஓட்டம் நடந்தது. வாத்தியாருக்குக் கொடுத்த டி-ஷர்ட் அவர் தலையில் நுழையாததால் மடியில் விரித்து வைத்துக்கொண்டார். படம் எடுத்தார்கள். பிறகு முதலாளி மேடையேறி மைக்கைத் தட்டினார். வசூலான பணத்தில் மையத்தின் வாசலில், கம்பெனி பெயரோடு, இரவில் விளக்கெரியும் அலங்கார வளைவு ஒன்று கட்டித் தரப்போவதாக அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கும்போது வாடகை வேன்காரர் அத்தையிடம் வந்தார். "அக்கா, நான் கிளம்பறேன்."

"கிளம்பறதா? இவங்கள யாருங்க திரும்பக் கொண்டுபோய் விடறது?"

"போட்டோ வரைக்கும்தான் பேசியிருக்கு. அடுத்த சவாரி இருக்குக்கா."

மேடையில் முதலாளி, "அம்மா வந்து ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார். அத்தை மேலே போனார். கீழே, வேன் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அத்தை மைக்கைப் பிடித்தார்.

"வணக்கம்ங்க சார், ரொம்ப சந்தோஷம்ங்க சார்..." தேன் குரல்தான். பிறகு வேன் மைதானத்து வாசலைத் தாண்டுவதைப் பார்த்தார். அடுத்து வந்தது வீட்டுக் குரல். மைதானத்தின் மறுகோடியில் ஐஸ் விற்றுக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "வளைவு வேணாம் சார். எங்க ஆளுங்க அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். அதோ போகுதே ஒரு வண்டி, அது பின்னாடி ஒண்ணு மாட்டியிருக்குல்ல, அது வேணும் எங்களுக்கு. அது இல்லாம இவங்கள நான் தோளால தள்ளி ஏத்தறேன். தோளு போயிடுச்சு."

வாத்தியார்தான் முதலில், நன்றாக இருக்கிற ஒரு கையால் தொடையில் தட்டினார். பிறகு கூட்டம் தட்டியது. அத்தனை பேர் முன்னால் முதலாளி வேறு என்ன சொல்ல முடியும்? "கண்டிப்பா செஞ்சுடலாம்மா" என்றார்.

அத்தை போய்ப் பழைய வேனையும் பலகையையும் கொண்டுவந்தார். நானும் மாமாவும் தள்ளினோம். கம்பெனிக்காரர்கள் விதிக்குக் கட்டுப்பட்டுத் தள்ளி நின்றார்கள். சூப்பர் மேடம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, "நான் எதையும் பாக்கலம்மா, நீங்க ஏத்துங்க" என்றார்.

லிஃப்ட் சொன்னபடி வந்தது. பொருத்தினார்கள், இயக்கிக் காட்டினார்கள். அதன் இரண்டு பக்கமும் கம்பெனி பெயர். பிறகு சூப்பர் மேடம் ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்து, லிஃப்டின் குறுக்கே பெரிய பூ முடிச்சாகக் கட்டினார். முதலாளி வந்து வெட்டித் திறந்து வைக்க வேண்டும். அவர் வெளிநாட்டில் இருக்கிறார். அதுவரை யாரும் உபயோகிக்க வேண்டாம், புதுசாகவே இருக்கட்டும்.

"சரிங்க மேடம்" என்றார் அத்தை, மறுபடியும் தேனில் விழுந்து. "சாருக்கு எப்ப வசதியோ அப்ப வரட்டும்ங்க மேடம்."

மாமா அன்று சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

முதலாளி திரும்பி வந்தார். வந்ததும் வேறெங்கோ போனார். தேதி தள்ளிக்கொண்டே போனது. ரிப்பன் மேல் தூசி படியாமல் இருக்க அத்தை தினமும் அதைத் துணியால் தட்டினார். லிஃப்ட் இருக்கிற வேனில், லிஃப்டை ஒரு பக்கமாக மடக்கி ஒதுக்கிவிட்டு, பலகை போட்டுத் தள்ளினார். இதற்குமேல் ஓர் ஆளிடம் என்ன சொல்வது? நான் அவர் குரலிலேயே, "உங்க மனசுக்கு என்ன தோணுதோ செய்ங்க சார்" என்று அவரிடமே சொல்லிக் காட்டினேன். சிரிக்கவில்லை. கரண்டியைத் தூக்கினார்.

ஒரு காலை, பலகையின் பாதியில், அத்தையின் தோள் கைவிட்டது. வாத்தியாரின் நாற்காலி பின்னாலேயே உருண்டு இறங்கி, தெருவைக் கடந்து, எதிர் வீட்டு வேலியில் போய் மோதி நின்றது. தெருவில் அந்நேரம் வண்டி எதுவும் வரவில்லை. வாத்தியாருக்கு அடியில்லை. வேலியின் இலைகளைத் தலையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டே, நிதானமாக, "போதும்மா. நாளைலேருந்து... நான் வரல. நீ கஷ்டப்படறதுக்கும் நான் பயப்படறதுக்கும்... வீட்லயே கெடக்கறேன்" என்றார்.

அத்தை வேனுக்குள் போனார். பல்லால் முடிச்சை இழுத்தார், வரவில்லை. வாத்தியாரின் மனைவியிடம் கத்தரிக்கோல் கேட்டார். "கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியலையேம்மா" என்று அந்தம்மா தேட ஆரம்பித்ததும், "கண்ணாடி எதுக்குங்க, கத்தரிக்கோல்தான் கேட்டேன்" என்று தானே அடுப்படிக்குப் போய் எடுத்துவந்து, ரிப்பனை வெட்டித் தெருவில் போட்டார். பட்டனை அழுத்தினார். தட்டு இறங்கியது. வாத்தியாரின் நாற்காலியை அதன்மேல் நிறுத்தி, மேலேற்றும் பட்டனில் விரலை வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன். இடது கையால் ஸ்பீக்கரில் போட்டார். சூப்பர் மேடம்தான். முதலாளிக்கு ஒருவழியாகத் தேதி கிடைத்துவிட்டதாம். அத்தை, "ரிப்பனை இப்பதான் வெட்டினேன் மேடம்" என்றார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க, இனிமே சார் வந்து எதைத் திறந்து வைப்பாரு?" என்றார் சூப்பர் மேடம், அழாத குறையாக.

"உங்க சாருக்கு வெட்டறதுக்கு ரிப்பன்தான வேணும்? கடைல சுருள் சுருளா தொங்குது, நான் என் காசுல வாங்கிக் கட்டி வைக்கிறேன், அவரு எத்தன தடவ வேணாலும் வந்து வெட்டிட்டுப் போகட்டும். வாத்தியார இனிமே ஒருநாள்கூடக் காக்க வைக்க மாட்டேன். இப்ப போன வைங்க மேடம், அவரு மேல போயிட்டிருக்காரு, என் விரல் பட்டன்ல இருக்கு."