டார்ச்சண்ணனை நான் வாங்க வைத்த ஷூ

எங்கள் மாடியில் என் கதவுக்கு நேர் எதிர்க் கதவு டார்ச்சண்ணனுடையது. சினிமா தியேட்டரில் படம் ஓடும்போது தாமதமாக வருகிறவர்களை டார்ச் லைட் அடித்து அவரவர் இடத்தில் உட்கார வைப்பது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே தியேட்டர், அதே வேலை. ஊரே அவரை டார்ச்சண்ணன் என்றுதான் கூப்பிடும். எனக்கு மட்டும் தம்பி. அவருக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு எழுபத்து மூன்று. நான் எப்படி அண்ணன் என்று கூப்பிடுவது?

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பொண்ணு பாக்கப் போற நேரத்துல எல்லாம் மேட்னி ஷோ இருந்துது அக்கா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் நான் கேட்கவில்லை. ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். ஜன்னல் கம்பியில் சாம்பல் நிறச் சட்டை இரண்டு காயும். ஒன்று உடம்பில் இருக்கும். அவ்வளவுதான் அவர் குடித்தனம். என் வீட்டில் மகனும் மருமகளும் இருக்கிறார்கள். ஆனால் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். பகலில் அந்த மாடியில் இருக்கிற இரண்டு உயிர் நாங்கள்தான். பதினோரு மணிக்கு அவர் கிளம்பிப் போய்விட்டால் ஒரு உயிர்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்தார். தியேட்டருக்குள் யாரோ நடைபாதையில் குடையை நீட்டி வைத்திருக்கிறார்கள். தடுக்கி விழுந்துவிட்டார். டார்ச் உருண்டு போய்த் திரையில் கதாநாயகி மூக்கின்மேல் வெளிச்சம் அடித்ததாம். தியேட்டரே சிரித்திருக்கிறது. மேனேஜர் வெளியே வந்து, "வயசாயிடுச்சு அண்ணே உங்களுக்கு, பாத்து நடங்க" என்றிருக்கிறார்.

குடை தடுக்கினால் இருபது வயசுக்காரனும்தான் விழுவான். அதை அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் போட்டிருந்த தோல் செருப்பைப் பார்த்தேன். காகிதம் மாதிரித் தேய்ந்திருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டுப் படி ஏறி இறங்குனா விழாம என்ன பண்ணுவ? முதல்ல இதைத் தூக்கிப் போடு. நல்லதா ஒண்ணு வாங்கு" என்றேன்.

"இது பழகிப் போச்சு அக்கா."

"விழறதும் பழகிடும். பரவாயில்லையா?"

மறுநாளே கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு ஷூவை எடுத்து வந்தார். கறுப்பு, முன்பக்கம் உருண்டை, அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு ரப்பர். முடிச்சுப் போட வேண்டாம், பட்டையை இழுத்து ஒட்டினால் போதும். வயதானவர்களுக்கு டாக்டர்களே இதைத்தான் சொல்கிறார்கள் என்றார். நான் கட்டை விரலால் அடிப்பக்கத்தை அழுத்திப் பார்த்தேன். பஞ்சு மாதிரி உள்ளே போனது. எனக்குப் பிடித்துவிட்டது.

டார்ச்சண்ணன் போட்டுக்கொண்டு நாலு அடி நடந்தார். "ரெண்டு கால்லயும் தலையணையைக் கட்டுன மாதிரி இருக்கு."

"அப்ப நல்லதுதான்."

"தரையே தெரியலை அக்கா."

"தரை எங்க போயிடப் போகுது? கால் உடைஞ்சா உன்னை யாரு பாப்பா? உனக்குன்னு யாரு இருக்கா?"

வாய் தவறி வந்துவிட்டது. கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பி எதையோ அடுக்க ஆரம்பித்தார். டார்ச்சண்ணன் குனிந்து பட்டையை ஒட்டிக்கொண்டு, "சரி, இதையே குடுங்க" என்றார். பழைய செருப்பை நானே குப்பைத் தொட்டியில் போட்டேன்.

அதற்கப்புறம்தான் வினையே. மூன்று வாரத்தில் நாலு தடவை தடுக்கினார். இப்போது குடையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் படியில் தடுக்கினார். ஒருமுறை ஒரு அம்மாளின் மடியிலேயே போய் விழுந்து, அந்த அம்மாளின் புருஷன் சண்டைக்கு வந்துவிட்டார். ஷூ நல்ல ஷூ, டாக்டர் சொன்ன ஷூ. ஆகவே கோளாறு காலில்தான் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

மனுஷர் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். காலையில் வராந்தாவில் ஒற்றைக் காலில் நின்று பல் தேய்ப்பார், எத்தனை நேரம் நிற்க முடிகிறது என்று பார்க்க. வாய் நிறைய நுரையோடு என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். தீப்பெட்டியை எங்கே வைத்தோம் என்று மறந்தால் அன்றைக்கு முழுதும் முகம் வாடிக் கிடக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகினார். ஒருநாள் கேட்டார்:

"அக்கா, வயசாகுதுன்னா முதல்ல எங்க தெரியும்?"

"எனக்கு எழுபத்தி மூணு. இன்னும் தெரியலை. தெரிஞ்சா சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. மேனேஜர் தீர்மானம் பண்ணிவிட்டாராம். வருகிற திங்கள்கிழமையிலிருந்து அவருக்கு வாசல் கேட்டில் ஸ்டூல். உட்கார்ந்த இடத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் போதும். உள்ளே டார்ச்சுக்கு கேன்டீன்காரர் நிற்பார்.

"உக்காந்த இடத்துல சம்பளம். கசக்குதா?" என்றேன்.

"கேட்ல எல்லாரும் என்னைத் தாண்டி உள்ள போவாங்க அக்கா. உள்ள இருட்டுல மட்டும்தான் நாலு பேரு என்னை நம்பிப் பின்னாலேயே வர்றாங்க. அதுவும் இல்லன்னா..." என்று நிறுத்திவிட்டு, காய்ந்திருந்த சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருஷம் எதிர் வீட்டில் இருக்கிறேன். இந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்று ஒருநாளாவது போய்ப் பார்த்திருக்கிறேனா? சனிக்கிழமை மேட்னிக்குக் கிளம்பிவிட்டேன். வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். டிக்கெட்டில் என்னமோ எண் போட்டிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் கண்ணைக் கட்டின மாதிரி ஒரே இருட்டு.

"டிக்கெட் காட்டுங்க" என்று ஒரு குரல். டார்ச் வெளிச்சம் என் கைக்கு வந்து, அப்புறம் முகத்துக்கு வந்தது. "அக்கா! நீங்களா?"

"ஏன், நான் படம் பாக்கக் கூடாதா? கூட்டிட்டுப் போ."

முன்னால் நடந்தார். அப்போதுதான் அவர் தொழிலைப் பார்த்தேன். டார்ச்சை இடுப்புக்குப் பின்னால் பிடித்துக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணில் படாதபடி விரலால் பாதி மூடிக்கொள்கிறார். வெளிச்சம் முழுதும் என் காலடியில் விழுகிறது. அவர் காலடியில் துளி வெளிச்சம் இல்லை. கீழே இறங்கும் இருபத்திரண்டு படியையும் இருட்டிலேயே இறங்குகிறார். "படி இருக்கு, பாத்து வாங்க. படி இருக்கு, பாத்து வாங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பாதி வழியில் ஷூ நுனி இடித்து ஆடிவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"பெருசு, நகருப்பா, படம் மறைக்குது" என்று யாரோ கத்தினார்கள்.

ஓரத்து இருக்கையில் என்னை உட்கார வைத்துவிட்டு மேலே போனார். எனக்கு எங்கே படம் ஓடியது? அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் மூன்று தடவை ஆட்களோடு இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் முன்னால் கால் நுனியால் துழாவுகிறார், தொலைந்ததைத் தேடுகிற மாதிரி. இவர் எதைத் தேடுகிறார்?

உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றிவிடுவது என் வழக்கம். கழற்றிய காலைப் பக்கத்துப் படியில் வைத்தேன். சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து தடவினேன். படியின் விளிம்பில் பித்தளைப் பட்டை. எட்டி அடுத்த படியைத் தடவினேன், அதிலும் இருந்தது. இருபத்தாறு வருஷமாக இந்த மனுஷர் கண்ணால் நடக்கவில்லை. பட்டை உள்ளங்காலில் உறுத்தினால் படி முடிகிறது, அடுத்த காலை இறக்கலாம். காகிதம் மாதிரித் தேய்ந்த செருப்பு அதைச் சொல்லும். இரண்டு விரல் ரப்பர் என்னத்தைச் சொல்லும்? காலுக்கே தெரிந்த கணக்கு அது. அவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, யோசித்துப் பார்த்ததும் இல்லை. தரை தெரியவில்லை என்று அன்றைக்குக் கடையில் சொன்னார். நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

இடைவேளையில் விளக்குப் போட்டதும் அவரைப் பிடித்தேன். "கழட்டு அந்த ஷூவை."

"என்ன அக்கா இது, ஜனங்க பாப்பாங்க."

"இருபத்தாறு வருஷமா யாரும் உன்னைப் பாக்கலை. இன்னைக்கா பாக்கப் போறாங்க? கழட்டுன்னா கழட்டு."

விளக்கு அணைந்தது. டீ குடிக்கப் போனவர்கள் கும்பலாகத் திரும்பி வந்தார்கள். டார்ச்சண்ணன் வெறுங்காலோடு முன்னால் இறங்கினார். தண்ணீர் வழிகிற மாதிரி இறங்கினார். துழாவல் இல்லை, தயக்கம் இல்லை. பின்னால் வந்தவர்களால் அவருக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. கடைசிப் படியில் நின்று ஒருமுறை தன் காலையே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டார்.

படம் முடிந்ததும் மேனேஜர் அறைக்குப் போனேன். "தப்பு இவர் கால்ல இல்ல சார், என் வாயில" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தப்பை ஒப்புக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. வேர்த்துவிட்டது. மேனேஜர் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டார்ச்சண்ணனை நாலு தடவை ஏறி இறங்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "வெறுங்கால்ல நிக்கக் கூடாது அண்ணே, மெல்லிசா ஏதாவது போட்டுக்கங்க. ஸ்டூலுக்கு கேன்டீன்காரரையே போட்டுக்கிறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மெல்லிய அடி வைத்த தோல் செருப்பு ஒன்று வாங்கினார். நான் கூடப் போகவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. திங்கள்கிழமை சாயங்காலக் காட்சிக்கு முன்னால் கொஞ்சம் ஓய்வு கிடைத்து வீட்டுக்கு வந்தார். என் கதவு திறந்துதான் இருந்தது.

"எப்படி இருந்துது?"

"ஒரு தடவைகூட இடிக்கலை அக்கா." முகம் தெளிந்திருந்தது. ஆனால் போகாமல் நின்றார். "ஒண்ணு கேக்கட்டுமா? நிஜமாவே ஒருநாள் கால் தள்ளாடும்ல. அன்னைக்கும் செருப்பு மேலயே பழியைப் போட்டுக்கிட்டு இருப்போமோ? இது செருப்பு இல்ல, வயசுதான்னு எப்படித் தெரியும்?"

எதற்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். என் மருமகளைக் கேளுங்கள், சொல்லுவாள். இதற்கு இல்லை. ராத்திரியில் எழுந்து கட்டில் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நானே இதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"தெரியலை தம்பி" என்றேன்.

"உங்களுக்கே தெரியலையா!" என்று சிரித்தார். பெரிய ஆறுதல் கிடைத்த மாதிரிச் சிரித்தார். அப்புறம் அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் சாத்திக்கொண்டேன்.