வேட்பாளரின் வேலி

எழுபதுகளின் நடுவில் நான் மெல்பேர்ணில் நிலம் அளந்துகொண்டிருந்தேன். மல்கிரேவ் பக்கத்து முட்டைக்கோவாத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டுக் காணிகளாகிக்கொண்டிருந்த காலம். என்னுடைய பழைய அளவைக் கருவியின் தொலைநோக்கிக்குள் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். காலைப் பனியில் கோவாக்கள் வானத்திலிருந்து தொங்கும். மாடுகள் முதுகைக் கீழே விட்டு மிதந்தபடி புல் மேயும். அதைப் பார்த்தபடியே அரை மணி நேரம் நின்றுவிடுவேன். மேலதிகாரி கேட்டால், பனி விலகட்டும் என்று காத்திருந்தேன் என்பேன்.

இப்படிப்பட்டவனுடைய கையில் நூலகத்துப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. ஆதிகால அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு நில அளவையாளரின் வரலாறு. மனிதர் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு காடு காடாக அளந்தார், ஆற்றங்கரைகளில் படுத்தெழும்பினார். யாருடைய காணி எங்கே முடிகிறது என்று சண்டையில்லாமல் சொல்லத் தெரிந்தவர் என்பதற்காகவே சனங்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்களாம். புத்தகத்தை மூடும்போது நானும் நகரசபைத் தேர்தலில் நிற்பதென்று முடிவாகிவிட்டது. இரண்டு பேரிடமும் அளக்கச் சங்கிலி இருந்தது என்பதுதான் எங்களுக்குள்ளிருந்த ஒற்றுமை. என்னுடையது சங்கிலிகூட இல்லை, உருக்கு நாடா.

உங்களுக்கு ஆர் வாக்குப் போடுவினம் என்று மனைவி கேட்டாள். முதலில் நீயும் நானும் என்றேன். தன்னை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம், யோசிக்க வேண்டும் என்றாள்.

மிச்சமிருந்தவர் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர். வேட்புமனுவில் முதல் கையெழுத்து அவருடையது. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள பலகை வேலியை மூன்று வருடங்களுக்கு முன் நான்தான் அளந்து போட்டேன். கிழவர் தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கூட்டிவந்து அந்த வேலியைக் காட்டி, இந்த மனிதனை நம்பலாம் என்று பிரசாரம் செய்தார்.

தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவருக்கு வேலியோரம் ஒரு கொட்டகை போட ஆசை வந்தது. அளந்து தரச் சொன்னார். அவருடைய காணியின் அகலம் பத்திரப்படி அறுபது அடி. நாடா ஐம்பத்தொன்பது என்றது. திரும்ப அளந்தேன். நாடா தன் வாக்கை மாற்றவில்லை.

அங்கேயே குந்திக்கொண்டு யோசித்தேன். வேலி போட்ட அன்றைக்கு என்னிடமிருந்த பழைய நாடாவின் நுனி தேய்ந்து பூச்சியக் கோடு அழிந்திருந்தது. அப்படியான நாடாவை ஒன்று என்ற கோட்டில் பிடித்து அளந்து, கடைசியில் ஒன்றைக் கழிக்க வேண்டும். தொழிலின் முதற்பாடம் அது. கிழவரின் மற்றப் பக்க எல்லைக் கட்டையில் ஒன்றைப் பிடித்து, நாடா அறுபது காட்டிய இடத்தில் வேலியைப் போட்டிருக்கிறேன். கழிக்கவில்லை. மாடுகள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

எங்கள் ஊரில் வேலி அடைக்கும்போது கதியால் எனும் வேலித் தடியை ஒரு சாண் தள்ளி அடுத்தவர் வளவுக்குள் நடுவதை அரக்குதல் என்பார்கள். அந்த ஒரு சாணுக்காகப் பரம்பரையாகக் கோர்ட் ஏறிய குடும்பங்கள் உண்டு. நான் கடல் தாண்டி வந்து முழுதாக ஓர் அடி அரக்கியிருந்தேன். அதுவும் என்னுடைய ஒரே நிச்சயமான வாக்காளரின் காணியில்.

அன்று மாலை புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். அமெரிக்கரின் வீட்டு வேலியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவரும் அரக்கியிருப்பாரோ என்று நினைக்கக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மனைவியிடம் விஷயத்தைச் சொல்லி, சனிக்கிழமை வாக்களிப்பு முடிந்த பிறகு கிழவருக்குச் சொன்னால் என்ன என்று மெல்லக் கேட்டேன்.

“பிறகு சொன்னா நீங்கள் அரசியல்வாதி. இப்ப சொன்னா சர்வேயர். எது வேணும்?” என்றாள்.

“ரெண்டும்.”

“அப்ப முதல்ல சர்வேயரா ஒருக்காப் போய்ட்டு வாங்கோ. மற்றதைப் பிறகு பாப்பம்.”

போனேன். கிழவர் வெறும் தக்காளிப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தார். சொன்னதும் மண்வெட்டியை ஊன்றிவிட்டு வேலியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தார். மூன்று கோடையாகத் தக்காளியை நெருக்கி நடுகிறாய் என்று தன் மனைவி ஏசுகிறாள், அது யாருடைய பிழை என்று நீயே வந்து அவளிடம் சொல் என்றார். அவர் மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் நின்று சொன்னேன். அந்த அம்மா அன்றிரவுக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் நானும் கிழவரும் வேலியைப் பிடுங்கி ஓரடி என் பக்கமாக நட்டோம். பிறகு சேற்றுக் கையோடு வாக்களிக்கப் போனோம். எனக்கு விழுந்த வாக்குகளை எண்ண அதிகாரிகள் தேத்தண்ணி நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டி வரவில்லை. மனைவி யாருக்குப் போட்டாள் என்பதை இன்றுவரைக்கும் சொல்லவில்லை. கிழவர் மட்டும் ஆறுதல் சொல்ல வந்தார்.

“நான் உனக்குத்தான் போட்டேன். சபைக்குப் போய்விட்டால் இனி வேலி அளக்க மாட்டாய் என்று நினைத்தேன்.”

வசந்தம் வந்ததும் அந்த ஓரடி நிலத்தில் அவர் போஞ்சி விதைத்து, கொடி படரக் கம்புகள் நட்டார். பொதுவாழ்வில் நான் மக்களுக்குக் கொடுத்த காணி அவ்வளவுதான். ஒரு பனிக் காலையில் கருவியை முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். போஞ்சிகள் வானத்திலிருந்து ஒரே கோட்டில் தொங்கின. அவற்றுக்கு நடுவே கிழவர் தலைகீழாக நின்று எனக்குக் கையசைத்தார்.