பேட்டரி வண்டியும் அதன் மேல் உட்காருகிறவர்களும்

பேட்டரி வண்டியில் சத்தமே வராது. அந்தச் சத்தத்தையெல்லாம் வண்டிக்காரர் என் கடைக்கு வந்து போடுவார்.

சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் பல வருடம் மிஷின்களுக்கு வயரிங் பார்த்தவன் நான். இப்போது நாரணாபுரம் ரோட்டில் பேட்டரி பைக், ஸ்கூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறேன். கடையில் எனக்குச் சரிபாதிக் கூட்டாளி முனீஸ்வரி. எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். அப்படி ஒரு ஆபீசில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர் அவர். வயரைப் பற்றவைக்கிற சால்டரிங் கம்பியைக்கூட தூங்குகிற பாம்பைத் தொடுகிற மாதிரிதான் எடுப்பார்.

சொந்தமாக ஒரு பேட்டரி வண்டி வைத்திருந்து, நடுரோட்டில் அதைத் தள்ளிக்கொண்டு போன அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே ஜாதி. மேலே படியுங்கள்.

எலுமிச்சம்பழம்

சிமெண்டுக் கடை அண்ணாச்சி ஒருவர் புது வண்டி வாங்கி, கோயிலில் பூஜை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் காலையிலிருந்து வண்டி நகரவில்லை. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆக்சிலேட்டரைத் திருகினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. முதலில் போன இடத்தில் ஆக்சிலேட்டரை மாற்றினார்கள். அடுத்த இடத்தில் கன்ட்ரோலரையே மாற்றினார்கள். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று முடிவு செய்கிற பெட்டி அது. அதன் பிறகும் நகராததால் என்னிடம் வந்தார்.

நானும் அரை நாள் மீட்டரை வைத்துக்கொண்டு குனிந்தே கிடந்தேன். முனீஸ்வரி டீ டம்ளரோடு வந்து, பிரேக் பிடியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் அவிழ்த்துவிட்டு, "இப்பத் திருகுங்கண்ணே" என்றார். வண்டி பாய்ந்தது. பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பழத்தைக் கட்டிய கயிறு பிரேக்கை ஒரு நூல் அளவு இழுத்தே வைத்திருந்திருக்கிறது. விஷயத்தை அண்ணாச்சிக்குப் பக்குவமாக விளக்கினேன். அவர் பழத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அப்போ பழம் வேலை செஞ்சிருக்குன்னு சொல்லுங்க. வண்டி நகந்தாத்தான தம்பி விபத்து?"

வேகம்

விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் பார்க்கும் ஒருவருக்கு வண்டி வேகம் போதவில்லை. வீட்டிலிருந்து கடைக்கு எட்டு நிமிடம் ஆகிறதாம். பெரிய கன்ட்ரோலர் போட்டால் பேட்டரி சீக்கிரம் தீரும், மோட்டார் சூடாகும், பிரேக்கும் அந்த வேகத்துக்குப் பத்தாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். போனில் ஒரு வீடியோவைக் காட்டி, அதில் வருகிற ஆள் இதையெல்லாம் சொல்லவில்லையே என்றார். கடைசியில் பிரேக்கையும் மாற்றிக்கொள்ளச் சம்மதித்த பிறகு, நடுத்தரமாக ஒரு கன்ட்ரோலர் பொருத்திக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து டயருக்குக் காற்று அடிக்க வந்தார். அவர் கடை இருக்கிற பஜாரில் காலை நேரத்தில் மூட்டை இறக்குகிற லாரி நின்றால் ஆள்கூட நுழைய முடியாது என்பது எனக்குத் தெரியும். வேகம் எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டேன்.

"ரொம்பத் திருப்தி. முன்னயெல்லாம் லாரிக்குப் பின்னால போயி நிக்க எட்டு நிமிசம் ஆகும். இப்ப நாலே நிமிசத்துல போயி நின்னுருதேன்."

பின்னோட்டம்

சூலக்கரைக்கு அந்தப் பக்கம் விவசாயம் பார்க்கும் சீனிச்சாமி அண்ணன், எதையும் தானே கழற்றி மாட்டுகிறவர். கன்ட்ரோலர் போய்விட்டதென்று புதிதாக ஒன்றை வரவழைத்து, பச்சைக்குப் பச்சை, மஞ்சளுக்கு மஞ்சள் என்று நிறம் பார்த்து வயரைச் சேர்த்துவிட்டார். அந்தக் கம்பெனிக்காரன் வேறு வரிசையில் நிறம் கொடுத்திருக்கிறான். ஆக்சிலேட்டரைத் திருகியதும் வண்டி பின்னால் போய், அவரோடு சேர்ந்து வைக்கோல் போருக்குள் நுழைந்துவிட்டது. லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். தலையில் இன்னும் வைக்கோல் இருந்தது.

"அண்ணே, ரெண்டு வயரை மாத்துனா முன்னால போகும், பத்து நிமிசம் உக்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. மாட்டுத் தொழுவத்துச் சந்தில் புல்லுக்கட்டோடு வண்டியை உள்ளே விட்டால், திருப்ப இடமில்லாமல் தினமும் பின்னால் இழுத்து இழுத்து இடுப்பு போய்விட்டதாம்.

"பின்னால போறது இருக்கட்டும், அதுல கை வைக்காதீக. முன்னால போறதுக்குத் தனியா ஒரு சுவிட்சு வையிங்க."

ஒரே ஒரு வயர்

இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஒரு அச்சகத்தில் கணக்குப் பார்க்கும் பேச்சியம்மாள் காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வாசலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டார். வண்டி விடவில்லை. முழு வேகத்தில் போனது. பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் முனகுகிறது, மோட்டார் நிற்கவில்லை. எதிரே காலண்டர் ஏற்றிய வேன் ஒன்று ரிவர்ஸ் எடுக்கிறது. நல்லவேளை, வலது பக்கம் வெட்டுக் காகிதக் கழிவை மலை போலக் குவித்திருந்தார்கள். அந்த அம்மா யோசிக்காமல் வண்டியை அதற்குள் விட்டார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கடைக்கு வந்தபோதும் கொண்டையில் சிவப்பும் பச்சையுமாகக் காகிதம் ஒட்டியிருந்தது.

பார்த்தேன். ஆக்சிலேட்டருக்குப் போகும் எர்த் வயர் அறுந்திருந்தது. மலிவான கன்ட்ரோலர் சிலதில் அந்த வயர் போனால், முழுசாகத் திருகியதாக அது நினைத்துக்கொள்ளும். சரி, பிரேக் ஏன் மோட்டாரை நிறுத்தவில்லை? பிரேக் சுவிட்சிலிருந்து வருகிற வயரை யாரோ வெட்டி டேப் சுற்றியிருந்தார்கள். கூட வந்திருந்த அவர் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "பின்லைட்டு விடாம எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இது எதுக்குன்னு தெரியல, அதான் எடுத்துவிட்டேன்." பேச்சியம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"எதுக்குன்னு தெரியாட்டியும் இருந்துட்டுப் போகட்டும்னு விடணும். நான் உங்களை விடலையா?"

எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு போன்

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆபீசில் போர்மேனாக இருக்கிறவர் சங்கரலிங்கம். ஒருமுறை சார்ஜ் போட்டால் கூடுதல் தூரம் போக வேண்டும் என்று கேட்டதால், பெரிய பேட்டரியாகப் போட்டுக் கொடுத்திருந்தேன். சீட்டுக்கு அடியில் இடம் இறுக்கம். எப்படியோ அமுக்கி உட்காரவைத்தேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது.

ஒருநாள் காலை பத்து மணிக்குப் போன். உள்ளே போனுக்கு அனுமதி இல்லை, வாசல் காவலாளியின் போனிலிருந்து பேசினார். "தம்பி, வண்டிய வேப்பமரத்தடியில விட்டுட்டுத் திரும்புனேன். தின்னர் மாதிரி ஒரு வாடை. சீட்டத் தொட முடியல. நம்ம வேலையாளுகளையெல்லாம் பின்வாசல் வழியா வெளிய போகச் சொல்லிட்டேன். வண்டிய கண்மாய்க்குள்ள தள்ளிட்டுப் போறேன்." பேட்டரி எந்த நேரமும் தீப்பிடிக்கும், தள்ளாதீர்கள், விட்டுவிட்டு ஓடுங்கள் என்று கத்தினேன். அதற்குள் போனைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் வெடிமருந்து இருக்கிறது. அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நானும் முனீஸ்வரியும் போய்ச் சேர்ந்தோம். காய்ந்த கண்மாய்க்கு நடுவில் வண்டி எரிந்துகொண்டிருந்தது. தள்ளி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, கையில் தூக்குவாளியோடு சங்கரலிங்கம் நின்றார். மணல் வாளியோடு ஓடி வந்த இரண்டு பேரைத் திட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லாம் ஆறிய பிறகு கிளறிப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து வந்த வயர், தாங்குகிற இரும்புத் தகட்டின் முனையில் உரசி உரசி, மேலுறை தேய்ந்து, உள்கம்பி தகட்டைத் தொட்டிருக்கிறது. அந்த முனையில் நான் ஒரு ரப்பர் தகடு வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவரிடம் அதை அப்படியே சொன்னேன். வேறு பேட்டரி என் பொறுப்பு என்றும் சொன்னேன். அவர் தூக்குவாளியைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

"முப்பது வருசமா வெடி செய்யிற இடத்துல ஒண்ணும் வெடிக்காமப் பாத்துக்கிட்டேன் தம்பி. நீங்க வண்டி தூரமாப் போகும்னுதான சொன்னீக? கண்மாய் வரைக்கும் நாந்தான் தள்ளுனேன்."

ரப்பர் தகடு

அன்றைக்கு மறுபடி கடையைத் திறக்கவில்லை. அதே மாதிரி நான் போட்டுக் கொடுத்த மற்ற ஐந்து வண்டிகளையும் வீடு வீடாகப் போய் நிறுத்திக் கழற்றினேன். ஒன்றில் வயர் உரச ஆரம்பித்திருந்தது. ஐந்திலும் தகடு வைத்தேன்.

கடைசி வண்டியை மூடும்போது முனீஸ்வரியிடம் கேட்டேன், சங்கரலிங்கம் வண்டியில் தகடு இல்லை என்பதை, பேட்டரி போட்ட அன்றைக்கு அவர் கவனித்தாரா என்று. அவர் திருப்புளியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நீங்க வச்சிருப்பீகன்னு நான் நெனச்சேன், நான் வச்சிருப்பேன்னு நீங்க நெனச்சீக. ரெண்டு பேரு பாத்தா ஒருத்தரும் பாக்கலன்னு எங்க ஆபீசுல சொல்லுவாக அண்ணே."

மறுபடியும்

அதிலிருந்து மூன்றாவது வாரம், பஸ்ஸில் இறங்கி சங்கரலிங்கம் கடைக்கு வந்தார். வேறு வண்டி பார்த்திருக்கிறாராம், பழையது, பேட்டரி மட்டும் புதிதாகப் போட வேண்டுமாம். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஊரில் இன்னும் மூன்று கடை இருக்கிறது என்று நானே சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டுக்கொண்டார்.

"அந்தக் கடைக்காரன் எப்பத் தப்பு செஞ்சு எப்பக் கத்துக்கிட? நீங்க செஞ்சு முடிச்சிட்டீகள்லா, போடுங்க."

ஆக்சிலேட்டர், கன்ட்ரோலர், பேட்டரி மூன்றையும் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம். ஓட்டுகிறவருக்கும் ரிப்பேர் பார்க்கிறவனுக்கும் மீட்டர் வைக்க இடமில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் இன்னும் சரிசெய்யாத ஒரே கோளாறு.