குருவம்மாள் மூட்டிய முதல் தீ

விடுதிச் சமையலறைக்கு ஒரு புகைபோக்கி வேண்டுமென்று குருவம்மாள் இரண்டு வருஷம் விடாமல் கேட்டாள். அறுபது பெண்பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் பொங்கி, சாயங்காலமானால் அவளுக்கு எதிரே வருகிற ஆள் தெரிவதில்லை. இன்னும் கொஞ்ச நாள் இந்தப் புகையில் நின்றால் பார்வை போய்விடும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

1931 தை மாதத்தில், மம்சாபுரம் வேலுசாமி கொத்தனார் ஒரு வழியாகக் கட்டி முடித்தார். விடுதியை நடத்திய ஞானரத்தினம் டீச்சர் காலையில் ஜெபம் பண்ணியதும், பால் காய்ச்சுவதற்காகச் சின்னத் தீயாக மூட்டினார்கள். புகை குழாய்க்குள் எட்டிப் பார்த்தது. அப்படியே திரும்பி அறைக்குள் இறங்கியது. எல்லாரும் இருமிக்கொண்டே முற்றத்துக்கு ஓடினார்கள்.

"மதினி, ஒங்க புகைக்கு ஏணி வேணும் போல" என்றார் வேலுசாமி குருவம்மாளிடம்.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. இதை இடித்து, அந்தச் செங்கலில் தண்ணீர்த் தொட்டியாவது கட்டலாம் என்றார். குருவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், குழாய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஈரச் சுண்ணாம்பு ஜில்லென்றிருந்தது.

இங்கே சமைக்க வருமுன் ஆலங்குளத்துச் சுண்ணாம்புக் காளவாசலில் பன்னிரண்டு வருஷம் தீ பார்த்தவள் அவள்.

"செத்த நேரம் பொறுங்க, டீச்சரம்மா" என்றாள். "குளுந்த காத்து கனம். அது உள்ள அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பால் காய்ச்சுத தீக்கு அது அசையாது. மொதல்ல அதச் சூடாக்கணும்."

காய்ந்த பனையோலையைக் கம்பு நுனியில் கட்டிப் பற்றவைத்து, குழாய்க்குள் உயர்த்திப் பிடித்தாள். ஓலை ஒன்று எரிந்து தீர்ந்தது. இரண்டாவதும் தீர்ந்தது. முற்றத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். மூன்றாவது ஓலையின் தீ சட்டென்று நீண்டு மேலே இழுபட்டது. குழாய்க்குள் 'கும்'மென்று ஓர் இரைச்சல்.

அந்தச் சூட்டிலேயே அடுப்பைப் பெரிதாக மூட்டினாள். புகை கூரைக்கு மேலே நேராக ஏறி, புளியமரத்தைத் தாண்டிப் போயிற்று. வேலுசாமி கழுத்தை வளைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏணி சாத்தியாச்சு, கொத்தனாரே" என்றாள் குருவம்மாள்.

அதற்குப் பிறகு வேலுசாமி எங்கே புகைபோக்கி கட்டினாலும் முதல் தீ மூட்ட அவளுக்கு மாட்டுவண்டி வரும். பதினைந்து வருஷம் கழித்தும், ராஜபாளையம் போகிற வழியில் வண்டியில் எழுந்து நின்று, தான் மூட்டிய அடுப்புகளின் புகையைக் கூட வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே காட்டுவாள். அவர்களுக்குத்தான் அது தெரிவதற்குச் சற்று நேரமாகும்.