செம்பூரில் அக்காவின் சக்தியை அளந்தபோது

மும்பை தாராவியில் இருக்கும் என் அக்கா, வீட்டிலேயே இட்லி அவித்து விற்கிறாள். அவிப்பது அவள், மாட்டுங்காவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அத்தான். ஒரு வருடமாகவே உடம்பு அசதி என்று புலம்பிக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுக்க ஊசியைக் காட்டினால் ஊரையே கூட்டிவிடுவாள். செம்பூரில் ஒரு சீன வைத்தியர் உடம்பின் சக்திக் குறைவை மிஷின் வைத்து அளக்கிறார், ஊசி கிடையாது என்று கேள்விப்பட்டதும், போன டிசம்பரில் நெல்லையில் ரயில் ஏறிவிட்டேன்.

கல்யாணில் இறங்கி லோக்கல் ரயில் பிடித்தால், தாராவிக்குப் பக்கத்து ஸ்டேஷனான சயானுக்குப் பதினைந்து ரூபாய்தான். ஆனால் பெட்டியோடு காலை ஆபீஸ் நேரத்தில் ஏறாதீர்கள். நான் ஏறினேன், ஒரு செருப்பு போயிற்று.

மறுநாள் பதினொரு மணிக்கு அப்பாயின்ட்மென்ட். அன்றைய இட்லியை முடித்து, பாத்திரம் எல்லாம் கழுவிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அக்கா கிளம்பினாள். டாக்ஸிக்கு நூற்று நாற்பது ரூபாய் ஆயிற்று. டிரைவர் அங்கே தேவ்நாரில் குடியிருக்கும் தமிழர். "சைனா மிஷினா? வாரண்டி உண்டான்னு கேட்டுக்கிடுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா சிரிக்கவில்லை. "கொறைச்சல்னு வந்துட்டா ஒரு மாசம் அடுப்பப் பத்த வைக்க மாட்டேன். ஒங்க அத்தான்ட்ட நீதான் சொல்லணும்" என்றாள்.

வைத்தியர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு உதவியாளர், மாட்டுங்காத் தமிழ்ப் பெண், அக்காவின் கையில் ஓர் உலோகக் குழாயைக் கொடுத்தாள். பேனா மாதிரி ஒன்றால் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தொட்டுக்கொண்டே போனாள். கம்ப்யூட்டரில் பட்டைகள் ஒவ்வொன்றாக எழும்பின. எல்லாமே உயரம். "எனர்ஜி ரொம்ப நன்னா இருக்கு ஆன்ட்டி. டெஃபிஷியன்ஸியே இல்லை" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே அத்தானுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அக்காவின் முகத்தை ஒரு தரம் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

எண்ணூறு ரூபாய் கட்டும்போது அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: "தோல் வழியா லேசா கரண்ட் விட்டுத்தானே பார்க்கறோம். கை கால் ஈரமா இருந்தா கூடுதலாத்தான் காட்டும். அடுத்த தடவை நன்னா காய்ஞ்ச கையோட வாங்கோ." அக்காவின் கை என்றைக்குக் காய்ந்திருக்கிறது? தண்ணீரிலும் ஆவியிலும் ஊறி விரல்நுனி சுருங்கியே கிடக்கிற கை அது. மறுபடி அளக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அன்று நேரம் இல்லை என்றுவிட்டார்கள்.

திரும்பும்போது கிங்ஸ் சர்க்கிளில் இறங்கித் தோசை சாப்பிட்டோம். தோசைக்கும் காபிக்கும் அங்கே குறை சொல்ல முடியாது. பாதித் தோசையில் அத்தான் கூப்பிட்டார். "கல்யாண வீட்டு ஆர்டர் ஒண்ண வேண்டாம்னு சொல்ல இருந்தேன். இப்ப எடுத்தாச்சு. மிஷினே சொல்லிட்டுல்லா!" ஈரக்கை விஷயத்தை விளக்கினேன். "அக்காவுக்கு வக்காலத்தா?" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, நம்பிவிட்டார், அவ்வளவுதான். அக்கா குனிந்தபடியே சொன்னாள்: "விடுட்டி. எனக்குத்தான் மனசு சோம்பேறி ஆயிட்டு போல."

அந்த மிஷினில் அளந்து பார்க்கப் போகிறவர்கள் சமையல், கழுவல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போங்கள். அதைவிட, முதலில் ஒரு நல்ல டாக்டரிடம் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். இதை நான் முதலில் செய்திருக்க வேண்டும். நினைக்க நினைக்க வருத்தமாக இருக்கிறது.

ஊருக்கு வந்ததிலிருந்து அக்காவிடமும் போனில் அதைத்தான் செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறேன். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, வலிக்காது என்றேன்.

"ஊசி கெடக்கட்டும்" என்றாள். "அதுலயும் நல்லாருக்கேன்னு வந்துட்டா, பொறவு எதச் சொல்லிட்டி நான் படுக்க?"